வீடு கேட்டு வந்தவர்



கொழும்பு மாநகரில் வாடகை வீடு தேடி அலைந்தவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் முதலிற் கேட்ட கேள்வி ஒன்றே என்பார்: "தம்பிக்கு என்ன வேலை?" கேள்வி நியாயமானதுதான். மாதம் பிறந்தால் வாடகை வருமா வராதா என்பதை அறிய வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆயின் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அதனை நானே ஒருமுறை கேட்டேன். கேட்டபின் நடந்ததைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்தேன்.

நான் இளைப்பாறிய ஆசிரியன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் மேல்மாடியைத் தனி வீடாகப் பிரித்து வாடகைக்கு விட்டு வருகிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் இளைஞர் ஒருவர் தரகரின்றித் தாமே படியேறி வந்தார். துப்புரவான உடை, அடக்கமான பேச்சு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இருக்கச் சொன்னேன். ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம் என்றார். மனைவியும் மூன்று வயது மகனும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களை அழைத்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்றார். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சலூன் வைத்திருக்கிறேன், ஐயா," என்றார்.

பதினேழு வயதிற் கொழும்புக்கு வந்து, ஒருவரிடம் உதவியாளராக நின்று தொழில் பழகி, பின்னர் இரண்டு நாற்காலிகளோடு சொந்தமாகக் கடை தொடங்கியவர் அவர். இத்தனை வருடங்களும் அவர் உறங்கியது கடையின் பின்னறையில். வாடிக்கையாளர் காத்திருக்கும் வாங்குகளை இரவில் ஒன்றாகச் சேர்த்தாற் கட்டில்; காலையிற் பிரித்து வைத்தாற் கடை. கொழும்பிலே சிறு தொழில் செய்வோரில் இவ்வாறு கடையே வீடாக வாழ்பவர் பலர். தனி ஆளுக்கு அது போதும். குடும்பம் என்று ஆனபின் போதாது.

வீடு என்பது கூரை மட்டுமன்று, அது ஒரு முகவரியுமாகும். இந்நாட்டில் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க முயன்ற பெற்றோர் இதனை நன்கு அறிவர். அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் விண்ணப்பிப்பவர், தாம் அங்கு வசிப்பதை ஆவணங்களாற் காட்ட வேண்டும். வாக்காளர் இடாப்பிற் பெயர் எத்தனை வருடம் இருந்தது என்பதற்கும் புள்ளிகள் உண்டு. மகனுக்கு மூன்று வயதாகும்போதே தகப்பன் வீடு தேடத் தொடங்கியதன் காரணம் இதுவே. கடைப் பின்னறையில் உறங்கியவரின் பெயர் இன்னும் ஊர் இடாப்பில்தான் இருந்தது. ஆகவே அவர் என்னிடம் கேட்டது இரண்டு அறையும் ஒரு சமையலறையும் மாத்திரமல்ல. அதனை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் ஒரு கோவையைத் திறந்தார். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கடையின் மின்சாரப் பற்றுச்சீட்டுகள், கிராம உத்தியோகத்தரின் நற்சான்று ஆகிய யாவும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. சம்பளச் சீட்டு இல்லாதவன் அதற்கு ஈடாக எத்தனை தாள்களைச் சுமக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! நான் அவற்றைக் கையால் தொடவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் தம்பி, மகள் விடுமுறைக்கு வரக்கூடும்," என்றேன். மகள் வருவதாக இல்லை. அவருக்கும் அது விளங்கியது. கோவையை மூடிக்கொண்டு, "பரவாயில்லை, ஐயா," என்று எழுந்தார். அந்தப் 'பரவாயில்லை' பலமுறை சொல்லிப் பழகிய சொல் என்பது அதன் ஓசையிலேயே தெரிந்தது.

அன்றிரவு மனைவி காரணம் கேட்டார். "நிரந்தர வருமானம் இல்லாதவர்," என்றேன். வாழ்நாளெல்லாம் கணிதம் படிப்பித்தவன் சொல்லக்கூடிய விடையன்று அது. கணக்காகவே பார்ப்போம். நாளொன்றுக்குப் பதினைந்து பேர், ஆளுக்கு 600 ரூபா என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபா. மாதத்தில் 26 நாள் வேலை செய்தால் 234,000 ரூபா. கடை வாடகை, மின்சாரம், பொருட்கள் எல்லாவற்றுக்குமாக 85,000 ரூபாவைக் கழித்தாலும் 149,000 ரூபா மிஞ்சும். என் ஓய்வூதியம் அதற்குக் கிட்டவும் வராது! மழைக்காலத்தில் வருமானம் குறையும், பண்டிகைக் காலத்திற் கூடும் என்பது உண்மையே. ஆனால் தலைமயிர் வளர்வது எந்த அரசாங்கம் வந்தாலும் நிற்பதில்லை. வருமானத்தைப் பற்றியே என் ஐயம் எழுந்திருந்தால் வங்கிப் புத்தகத்தைப் பார்த்திருப்பேன். பார்க்காமல் விட்டதே எனக்கு எதிரான சாட்சி.

அப்படியாயின் உண்மைக் காரணம் யாது? அதனைத் தேடினால் என் சிறுபிராயத்துக் கிராமத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே குடிமை முறை இருந்தது. நாவிதர் வீடு வீடாக வருவார். முன் விறாந்தைக்கு வரமாட்டார். பின்வளவில், மரத்தடியில், பலகை போட்டு அமர்ந்து மயிர் வெட்டுவார். கூலி பணமன்று, அறுவடை காலத்து நெல். திருமணத்திலும் செத்த வீட்டிலும் அவர் இல்லாது சடங்கு நிறைவேறாது. ஆனாற் சடங்கு முடிந்ததும் அவர் நிற்கும் இடம் வேலியோரமே. வயதில் என் பாட்டனாரை ஒத்தவரை நாங்கள் சிறுவர்கள் ஒருமையில் அழைத்தோம். எவரும் எங்களைக் கண்டிக்கவில்லை.

இந்த நிலையைப் பெரிதும் மாற்றியது எந்தப் பிரசங்கமும் அன்று. சலூன் நாற்காலிதான் என்பது என் கருத்து. அந்த நாற்காலி வந்தபின் தொழிலாளி வாடிக்கையாளரின் வளவுக்குப் போவது நின்றது. வாடிக்கையாளர் தொழிலாளியின் கடைக்குப் போகலானார். நெல்லுக்குப் பதிலாகக் காசு, வேலியோரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி, சுவரில் விலைப்பட்டியல். கதிரையில் அமர்ந்து கழுத்தை நீட்டுபவர் எவராயினும் முறைப்படி காத்திருக்க வேண்டும். கடையளவில் நடந்த இந்த மாற்றம் வீட்டு வாசலளவில் நடக்கவில்லை. மாதந்தோறும் அவர் கத்தியின் கீழ்க் கழுத்தை வைக்க எனக்கு அச்சமில்லை. அவர் என் மாடியிற் சமைப்பதற்கு மாத்திரம் 'யோசிக்க' வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நேயர்கள் கேட்கக்கூடும். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலை, கடை, பொதுக் கிணறு, வழிபாட்டிடம் முதலியவற்றிலிருந்து தடுப்பதைக் குற்றமாக்கியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12ஆவது உறுப்புரை கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் களியாட்டிடங்கள், தத்தம் சமய வழிபாட்டிடங்கள் ஆகியவற்றைச் சொல்கிறது. வாடகைக்கு விடும் தனியார் வீடு அந்த வரிசையில் இல்லை. 1948ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், பின்னர் வந்த 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் வாடகையை மிகையாகக் கூட்டாமலும் குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றாமலும் காக்க எழுந்தவை. அவை வீட்டுக்குள் இருப்பவரின் காவல். வாசலில் நிற்பவரைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. மேலும், "மகள் வரக்கூடும்" என்று சொன்ன என்னை எந்தச் சட்டத்தாற் பிடிப்பது?

இதில் என்னை மிக உறுத்திய விடயம் வேறொன்று. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் வாழும் எம்மிற் பலர், தாமும் ஒருகாலத்திற் கேள்விகளுக்கு விடை சொல்லியே கூரை பெற்றவர்கள். 1983 ஜூலைக்குப் பின்னர் இந்நகரில் தமிழருக்கு வீடு கொடுக்கத் தயங்கியோர் இருந்தனர். போர்க்காலம் முழுதும் "எங்கிருந்து வந்தீர், ஏன் வந்தீர், எத்தனை நாள் நிற்பீர்" என்று கேட்கப்பட்டோம். 2007 ஜூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை இடைநிறுத்தியது. பிறப்பை வைத்து வாசலில் நிறுத்தப்படுவது எத்தகையது என்பதை நூலிற் படித்து அறிய வேண்டிய நிலையில் நான் இருக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து வழக்கமான எங்கள் தரகர் வந்தபோது இந்த விடயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அந்தப் பிள்ளைக்கு விபரம் தெரியாது, மாஸ்டர். சொந்த வியாபாரம் என்று சொல்லியிருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்," என்றார். தம்மிடம் வருவோர்க்கு அவர் கொடுக்கும் ஆலோசனை அதுவாம். மலர்ச்சாலையில் வேலை செய்பவர் 'தளபாட வியாபாரம்' என்பாராம். சலவைத் தொழில் செய்பவர் 'ஆடை வியாபாரம்' என்பாராம். பொய் என்று முற்றாகச் சொல்லவும் இயலாது, மெய் என்று ஒப்பவும் இயலாது. ஆனால் அந்த மறைப்பை உடன்படிக்கைக் காலம் முழுதும் சுமக்க வேண்டும். மனைவி அயலாரோடு அளந்து பேச வேண்டும். பிள்ளை அப்பாவின் கடையைப் பற்றி வாய்திறக்கக் கூடாது. வாடகை எவ்வளவு என்று கேட்டால் இதனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அதன்பின் ஒருநாள் அந்த இளைஞரின் கடைக்கே தலைமயிர் வெட்டப் போனேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு போனேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவர் என்ன நினைக்கிறார் என்பதை அறியும் ஆவலும் இருந்தது. முறை வரும்வரை வாங்கிற் காத்திருந்தேன். கதிரையில் அமர்த்தித் துணி போர்த்தினார். தொழிலை மறைத்துச் சொல்லலாமே என்று எவரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "கடைப் பலகையில் என்ரை பேர் பெரிதாகக் கிடக்குது, ஐயா. அதை வீட்டுக்குப் போகேக்கை கழற்றி வைக்கவோ?" என்றார். வேறொன்றும் பேசவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு விதவைத் தாயாரிடம் வீடு கிடைத்துவிட்டது என்பதைப் பிறகுதான் சொன்னார். ஒரு வருட முற்பணம் கேட்டாராம். சம்பளக்காரரிடம் ஆறு மாதந்தான் கேட்பாராம். கொடுத்துவிட்டார். மகன் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறான்.

என் மேல்மாடிக்குப் பொறியியலாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்; ஒரு மாதமும் வாடகை பிந்தியதில்லை. ஆகவே நான் செய்ததனால் எனக்கு எந்த நட்டமும் ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்ற மாதம் அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றதால் மாடி மீண்டும் வெறுமையாயிற்று. தரகரை அழைத்து, இம்முறை வருவோரிடம் தொழிலை விசாரிக்க வேண்டாம் என்றேன். "அப்படியானால் எதைக் கேட்பது?" என்றார். எத்தனை பேர், எப்போது குடிவருவார்கள், எந்தத் தேதியில் வாடகை தருவார்கள், இவ்வளவும் போதும் என்றேன். அவர் தம் சிறு கொப்பியிற் குறித்துக்கொண்டார். பின்னர் பேனையை மூடியபடி, "சரி மாஸ்டர், நான் கேட்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் கேட்குமுன்னே தாங்களாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்களே," என்றார்.