ஓய்ந்த எழுதுகோல்



1921ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், கல்கத்தாவின் தால்தலா சந்து வீடொன்றில் 22 வயது இளைஞர் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து நீண்ட கவிதை ஒன்றை எழுதி முடித்தார். மையால் அன்று, பென்சிலால். தொட்டெழுதும் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துத் தோய்த்து எழுதினால் எண்ணத்தின் வேகத்துக்குக் கை ஈடுகொடாது என்பதே காரணமாகலாம் என்று உடன் வசித்த முஸாபர் அகமது பின்னாளில் நினைவுகூர்ந்தார். அக்கவிதை 'பித்ரோஹி', கிளர்ச்சிக்காரன் என்று பொருள். எழுதியவர் காஜி நஸ்ருல் இஸ்லாம். அடுத்த மாதம் அது 'பிஜ்லி' இதழில் வெளிவந்தபோது வங்கமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவ்வாண்டே தம் 'தூமகேது' இதழில் எழுதிய கவிதைக்காகக் கைதானார்; சிறையும் அவர் எழுத்தை நிறுத்தவில்லை.

நிறுத்தியது நோய். 1942 ஜூலையில் நாத் தடுமாறியது. அம்மாதம் 17ஆம் நாள் நண்பர் சுல்பிகார் ஹைதருக்கு எழுதிய மடலில், பெருந்துன்பத்தோடு எழுதுவதாகவும் இதுவே கடைசி மடலாகலாம் என்றும் குறித்தார். அப்போது வயது 43. பின்னர்ப் பேச்சும் எழுத்தும் அவரை விட்டு அகன்றன.

நோய்க்குப் பெயர் கிடைக்கவே 11 ஆண்டுகள் சென்றன. 1952இல் ராஞ்சி, 1953இல் லண்டன். முடிவில் வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஹாஃப் அதனைப் 'பிக் நோய்' என்றார். மூளையின் முன்மடலும் பக்கமடலும் படிப்படியாகச் சுருங்கும் நோய் அது. பக்கவாதத்தில் கை வீழ்வது போன்றதன்று. இங்கே விரல்கள் எழுதுகோலைப் பற்றக்கூடும். சொல்லும், எழுதத் தூண்டும் உள்விசையுமே உதிர்ந்துபோகின்றன. கவிஞனுக்கு இதனினும் கொடியது உண்டோ?

முதலில் செய்த மருத்துவம் போதாது என லண்டனில் கூறினர். இன்றளவும் அந்நோய்க்குத் தீர்வில்லை. ஆதலின் முன்னரே கண்டிருந்தால் கவிதை மீண்டிருக்கும் எனச் சொல்வதற்கில்லை. ஆயினும், பாடலைக் கொண்டாடியோர் பாடியவரைப் பத்தாண்டுகள் வறுமையில் விட்டிருந்தனர் என்பதை மறைப்பானேன்? இடுப்பின்கீழ்ச் செயலிழந்திருந்த மனைவி பிரமீளா, படுக்கையில் இருந்தபடியே 1962இல் தம் உயிர் பிரியும் வரை அவரைப் பேணினார்.

1972 மே மாதம் வங்கதேச அரசு அவரை டாக்காவுக்கு அழைத்துச் சென்றது. அவர் இயற்றிய அணிநடைப் பாடலைப் புதிய நாடு தன்னுடையதாக்கிக்கொண்டது. அவரைச் சுற்றி அவர் பாடல்களே ஒலித்தன, அவர் பேசவில்லை. 1976 ஆகஸ்ட் 29 அன்று மறைந்தார். எழுதாது கழிந்த ஆண்டுகள் 34.