இறுதி நாளின் முதற்கடன்



இன்றே இறுதி நாளெனில் அதனை எவ்வாறு கழிப்பது? விரும்பியதை உண்பேன் என்பார் சிலர். மக்களோடு இருப்பேன் என்பார் பலர். செஞ்சிக்கு அருகே, 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் திகழும் திருநாதர்குன்றத்தில் வேறொரு விடை உண்டு. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இஃது என அங்குள்ள பழங்கல்வெட்டு அறிவிக்கிறது. ஊரோ குலமோ கூறப்படவில்லை. பெயரும் நோன்பும் மட்டுமே நின்றன.

அந்நோன்பு உணவைத் துறப்பதில் தொடங்குவதன்று. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்த முறைப்படி, பற்றும் பகையும் உடைமையும் முதலில் நீங்க வேண்டும். சுற்றத்தாரைப் பொறுத்து, இன்சொல்லால் அவர்பால் பொறுத்தருள வேண்டுதல் வேண்டும். உணவைப் படிப்படியாகக் குறைப்பது அதன் பின்னரே.

முதுமை, தீராப்பிணி முதலியன நேர்ந்தவிடத்தே நோன்பு விதிக்கப்பட்டது. பொறுத்தலுக்கோ அத்தகைய காலவரையறை இல்லை. நிலப்பங்கீட்டால் பேச்சற்ற உடன்பிறந்தார் இருவர் ஒரே ஜினாலயத்தில் முகம் திருப்பி நின்று வணங்குவராயின், இறுதி நாளின் முதற்கடன் அவர்களுக்கு இன்னும் எஞ்சியுள்ளது. அந்நாள் முன்னறிவித்து வருவதன்று. இவ்விழா நாளிலேயே மூத்தவர் முதலில் பேசுவாராக.