ஆடுகளமும் வரவு செலவும்

(அம்மையார்குப்பத்தில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



கல்விக்காக 25 ஆண்டுகள் உழைத்த கழகத்தின் மேடையில் விளையாட்டு மைதானத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும். பாடநூலைப் படிக்கக் கற்ற பிள்ளை, ஊராட்சியின் வரவு செலவு ஏட்டையும் படிக்கக் கற்க வேண்டும். அவன் ஆடும் இடம் அந்த ஏட்டில்தான் எழுதப்படுகிறது. அல்லது எழுதப்படாமல் விடப்படுகிறது.

மைதானம் என்பது யாரோ மனமிரங்கி அளிக்கும் கொடை அன்று. அது நம் உரிமை. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் நம் மக்களுக்கும் உரியன என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார் இரட்டைமலை சீனிவாசன். பின்னர் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பெற்ற அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அரசின் பணத்தால் முழுமையாகவோ ஓரளவோ பேணப்படும் குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என விதித்தது. பொதுப் பணத்தில் அமையும் ஆடுகளமும் அத்தகைய இடமே.

பல்வங்கர் பாலு என்னும் பெயரை இளைஞர்கள் மறவாதீர்கள். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, புனே நகரில் வெள்ளையர் மைதானத்தைச் செப்பனிடும் வேலையில் இருந்தவர் அவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது வாய்த்தது. வேலைக்காரராக மைதானத்துள் நுழைந்ததால் அன்றோ பாலுவின் திறமை உலகுக்குத் தெரிந்தது! நுழையவே வழியின்றிப் போன பாலுகள் எத்தனை பேரோ!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நிலம். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. எல்லையை நிலப்படத்திலும் சட்டத்திலும் எழுதிய பின்னரே அந்த இணைப்பு உறுதிப்பட்டது. மைதானத்துக்கும் அவ்வாறே புல எண்ணும் பரப்பளவும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத நிலம் இன்று களம், நாளை ஆக்கிரமிப்பு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்போர், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். நம் பகுதியில் அத்தகைய மனைப்பிரிவு வந்தால், அந்த இடம் எங்கே என்று கேளுங்கள்.

இரண்டாவது, பராமரிப்புச் செலவு. திறப்பு விழாவோடு பணி முடிவதில்லை. முள் அகற்றவும், மழைநீர் வடியவும், விளக்கு எரியவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். 2024இல் ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை அரசு வழங்கத் தொடங்கியது. களம் இல்லாத ஊரில் பந்தும் மட்டையும் அறைக்குள் பூட்டித்தான் கிடக்கும்.

மூன்றாவது, இடத்தேர்வு. நம் தெருப் பிள்ளைகள் அச்சமின்றிச் சென்று, வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்காமல், சமமாக ஆடக்கூடிய இடமா? பெண் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் கழிப்பறையும் உண்டா? இவ்விரண்டும் இல்லாத மைதானம் ஊரில் பாதிப் பேருக்கு உரியதன்று.

இவற்றை எங்கே கேட்பது? கிராம சபையில்! 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் அளிக்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைத்துள்ளது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாள்களில் அது கூடுகிறது. அங்கே வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். புல எண், பரப்பு, தேவைப்படும் தொகை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தீர்மான ஏட்டில் ஏறிற்றா என்று படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

தறி ஓசையில் வளரும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. நம் முன்னோரைக் கைந்நாட்டு வைக்கச் சொல்லி ஏமாற்றியது ஒரு காலம். எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கும் தலைமுறையை உருவாக்கவே இக்கழகம் பாடுபட்டது. அந்தக் கல்வியின் பயனை அடுத்த கிராம சபையிலேயே காட்டுங்கள்.

வாழ்க கழகம்! வளர்க இளைஞர் ஒற்றுமை!