பெயர் சொல்லாத வியாதி

(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிடித்த எழுத்தாளரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் இருந்தவள் என்பதால் கல்கி, தி.ஜா. என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது சூசன் சோன்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணியை.

1933-ல் நியூயார்க்கில் பிறந்தவர். கலை, இலக்கியம், சினிமா பற்றிய கட்டுரைகள் 1966-ல் தொகுப்பாக வந்து அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 1977-ல் புகைப்படம் பற்றி 'ஆன் ஃபோட்டோகிராஃபி'. பன்னிரண்டு வயதில் ஒரு புஸ்தகக் கடையில் ஜெர்மன் வதைமுகாம் படங்களைப் பார்த்து அதிர்ந்ததை அதில் சொல்கிறார். ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தால் எந்தக் கொடுமையும் கண்ணுக்குப் பழகிவிடுகிறது என்பது அவர் வாதம். 2003-ல் வந்த இன்னொரு புஸ்தகத்தில் அந்த வாதத்தை அவரே சந்தேகிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1978-ல் வந்த 'இல்னெஸ் ஆஸ் மெடஃபர்'. 1975-ல் அவருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. பெரிய ஆபரேஷன், நீண்ட சிகிச்சை. ஆனால் 'எனக்கு வந்தது' என்று புஸ்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. க்ஷயரோகத்தை ஒரு காலத்தில் கவி மனசின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். புற்றுநோயோ, கோபத்தையும் துக்கத்தையும் உள்ளே அடக்கினவர்களுக்கு வரும் என்று பேச்சு. வியாதியோடு பழியும் நோயாளி தலையில் விழுகிறது. வியாதி வெறும் வியாதிதான், கதை கட்டாதீர்கள் என்கிறார் சோன்டாக்.

நம் வீடுகளில் அந்தக் கதைக்குப் பெயர் கர்மா. 'என்ன பாவம் பண்ணினாளோ' என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். வியாதியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். நாக்பூரில் என் பெரியம்மாவுக்குக் கடைசிவரை 'வயத்துல சின்னக் கட்டி'தான். ரிப்போர்ட் பீரோவுக்குள். டாக்டர் வராந்தாவில் அண்ணாவிடம் இங்கிலீஷில் பேசுவார். ஒரு நாள் பெரியம்மா, "நான் எது சொன்னாலும் எல்லாரும் சரி சரிங்கறேளே, என்னடா விஷயம்?" என்று கேட்டாள். அண்ணா காபி கொண்டுவர எழுந்து போய்விட்டார்.

இது நம் தேசத்து வழக்கம் மட்டுமில்லை. 1961-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்தில் ஒன்பது டாக்டர்கள் புற்றுநோயாளியிடம் உண்மையைச் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் இன்னொரு ஆய்வில் 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள்.

ஆனால் சோன்டாக்கின் முடிவைக் கேளுங்கள். 2004-ல் கடுமையான ரத்த வியாதி வந்தது. பிழைப்பேன் என்பதைத் தவிர வேறெதையும் கேட்க அவர் தயாராக இல்லை. நம்பிக்கை தரும் பேச்சையே பேசினேன் என்று மகன் டேவிட் ரீஃப் பின்னாளில் எழுதினார். அந்த டிசம்பரில் அவர் காலமானார். ஆகவே உண்மையைப் பட்டென்று போட்டு உடைப்பதும் பதிலில்லை. எவ்வளவு தெரியவேண்டும் என்று நோயாளியிடமே முதலில் கேட்பதுதான் முறை என்று இன்று டாக்டர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். 2019 முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் நோயாளியிடம் பேசும் பயிற்சி சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் மாட்டுப்பெண்களுக்கும் அப்படி வகுப்பு யாரும் எடுப்பதில்லை.

சின்னப் புஸ்தகம்தான். என் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம், திருப்பித் தந்தால் சரி.