மீஸான் கல்லின் எழுத்து: வாசிப்பதும் இணை சேர்ப்பதும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் எல்லோரும் சங்கம் வளர்ந்த கதையைச் சொன்னார்கள். அந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர்கள் இன்று படுத்திருக்கும் இடத்தைப் பற்றி நாங்கள் சில நிமிடங்கள் பேசுகிறோம். நாங்கள் ஆலிம்களும் அல்ல, ஆய்வாளர்களும் அல்ல. ஜொகூரில் பெயர்ப்பலகையும் மீஸான் கல்லும் செய்து விற்கும் வியாபாரிகள். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தபோது கற்ற அளவெடுப்பும் வரைபடமும்தான் எங்கள் முதல்.

கபுறின் மேல் எழுதலாமா என்ற கேள்வி முதலில் வரும். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கபுறுத் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லை வைத்து, அதை அடையாளமாகக் கொண்டார்கள் என்று ஹதீஸ் உண்டு. கபுறின் மேல் எழுதுவதைத் தடுக்கும் ஹதீஸும் உண்டு. அடையாளத்துக்குத் தேவையான பெயர் அளவில் அனுமதித்த அறிஞர்களும் இருக்கிறார்கள். சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதி நிற்கும் கல்லை எப்படி வாசிப்பது, அது உடைந்தால் அதற்கு இணையாக எப்படிச் செய்வது என்பது மட்டுமே எங்கள் பேச்சு.

எழுத்தின் சாயலை வைத்து ஒரு கல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா? முடியும். வடசுமத்ராவின் பாசையில் 1428-இல் மறைந்த அரசி நஹ்ரசியாவின் கபுறும், ஜாவாவின் கிரெசிக்கில் 1419-இல் மறைந்த மாலிக் இப்ராஹீமின் கபுறும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. டச்சுக்காரரான மொக்கெட் என்பவர் 1912-இல் இந்தக் கற்களைக் குஜராத்தின் காம்பே நகரத்துக் கபுறுக் கற்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே 1333-இல் மறைந்த உமர் அல் காஸரூனியின் கபுறும் அதில் ஒன்று. எழுத்தும் பூவேலையும் கல்லும் ஒத்துப்போயின. காம்பேயில் செதுக்கிய கற்கள் கப்பலேறி இங்கே வந்தன என்பது தெளிவானது.

நம் ஜொகூரிலும் இப்படிப்பட்ட செல்வம் உண்டு. ஜொகூர் லாமா, கோத்தா திங்கி, சாயோங் பினாங் பக்கங்களில் 'பாத்து ஆச்சே' என்னும் பழைய கபுறுக் கற்கள் நிற்கின்றன. டாக்டர் ஒத்மான் முகமது யாத்திம் தீபகற்பம் முழுவதும் இவற்றை அளந்து, வடிவத்தால் வகை பிரித்து, 1988-இல் நூலாகத் தந்தார். அரசர்களின் கற்களுக்கு ஆய்வாளர்கள் கிடைத்துவிட்டார்கள். மிளகாய் மூட்டை சுமந்தவர், சாப்பாட்டுக் கடை வைத்தவர், பத்திரிகை விற்றவர் ஆகியோரின் கற்களை யார் வாசிப்பது? நாம்தான்.

முதலில் என்ன எழுத்து என்று பாருங்கள். நம் கற்களில் தமிழ், அரபு, ஜாவி, ரூமி நான்கும் கலந்து வரும். அரபு எழுத்தெல்லாம் அரபு மொழி ஆகாது. 'ஐன்' எழுத்தின் மேல் மூன்று புள்ளி, 'ஃபே'யின் மேல் மூன்று புள்ளி கண்டால் அது பெரும்பாலும் ஜாவி. வாசித்தால் மலாய் வரும். உயிர்க்குறிகள் நெருக்கமாக இட்டு, வாசித்தால் தமிழ் ஒலித்தால் அது அர்வி என்னும் அரபுத்தமிழ். கோணங்களாக நின்றால் கூஃபி. உருண்டு தெளிவாக இருந்தால் நஸ்கு. உயர்ந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் துலுது. வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கினால் நஸ்தஅலீக்.

அடுத்தது எண். அரபு எண்ணில் சுழியம் வெறும் புள்ளி. வட்டமாக இருப்பது ஐந்து. மழையில் அந்தப் புள்ளி தேய்ந்துவிட்டால் ஹிஜ்ரி 1350 என்பது 135 ஆகத் தெரியும். நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை உருதுப் பழக்கத்தில் வேறு வடிவம். ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறைய வரும். 1345 என்றால் 1926 அல்லது 1927.

இப்போது நம் தமிழுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை என 13 எழுத்துகள் மாறின. அதற்கு முன் லை, னை போன்றவை தலையில் தும்பிக்கை வைத்தது போல் இருக்கும். னா கீழே சுழித்து இறங்கும். பெரியாரின் 'குடி அரசு' 1935 முதலே புதிய வடிவங்களை அச்சிட்டது என்றாலும், பொதுப் புழக்கம் மாற வெகுகாலம் ஆனது. பனைக்குளம், வேதாளை, பினாங்கு, மௌலானா, சுல்தானா ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். நம் கற்களில் அடிக்கடி வரும் இந்தச் சொற்களில் மாறிய எழுத்து இருக்கிறது. 1952-இல் வஃபாத்தானவர் கல்லில் புதிய 'னை' இருந்தால், அந்தக் கல் பின்னால் மாற்றி வைத்ததாக இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. பழைய வடிவம் இருப்பது மட்டும் கல் பழையது என்பதற்குச் சாட்சி ஆகாது. கை பழகிய கொத்தர் 1978-க்குப் பிறகும் பழையபடியே வெட்டியிருப்பார்.

எங்களிடம் ஒரு குடும்பம் வந்தது. அத்தாவின் கல் பழையது, தமிழில். அம்மா அண்மையில் மறைந்தார். "பக்கத்தில் நிற்கிற கல், அதே மாதிரி வேணும்" என்றார்கள். கணினியில் இருக்கும் எழுத்துருவைப் போட்டால் அரை மணி நேர வேலை. ஆனால் அதில் வருவது புதிய வடிவம். கோட்டின் தடிமனும் வேறு. மையவாடிக்குப் போய் எழுத்தின் உயரம், கோட்டின் அகலம், வரிகளுக்கு இடைவெளி, வெட்டின் ஆழம் எல்லாம் அளந்தோம். பள்ளம் வாய்க்கால் போலவா, கூராக இறங்குகிறதா என்று பார்த்தோம். ஒளிபுகும் தாளைக் கல்லின் மேல் வைத்து மெல்லிய பென்சிலால் எழுத்தின் விளிம்பைப் படியெடுத்தோம். அத்தாவின் கல்லில் இல்லாத எழுத்துகளை, அதிலிருந்த சுழியையும் காலையும் கொண்டு வரைந்தோம். தேய்மானத்தை மட்டும் போலி செய்யவில்லை. புதுக் கல் புதுசாகத்தான் இருக்க வேண்டும்.

பெயரின் எழுத்துக்கூட்டலையும் திருத்தாதீர்கள். 'சாகுல் அமீது' என்று கல்லில் இருந்தால், 'ஷாஹுல் ஹமீது' என்று நாம் சரிசெய்யக் கூடாது. 'பாத்திமா'வை 'ஃபாத்திமா' ஆக்கக் கூடாது. ஊரில் உள்ள பத்திரத்தோடும் பழைய கடவுச்சீட்டோடும் ஒத்துப்பார்க்க அந்தக் கூட்டல்தான் உதவும்.

கடலுக்கு அந்தப் பக்கம் கிராஞ்சியைப் பாருங்கள். 1957 மார்ச் 2-இல் திறந்த சிங்கப்பூர் நினைவகத்தில் 24,000-க்கும் மேற்பட்ட போர்வீரர் பெயர்கள் உள்ளன. இந்தியப் படையின் முஸ்லிம்களும் அவர்களில் உண்டு. அந்தப் போர்க் கல்லறை ஆணையத்தின் தலைக்கற்களுக்கு மெக்டொனால்ட் கில் என்பவர் வரைந்த ஒரே எழுத்து வடிவம் வகுக்கப்பட்டது. அதனால்தான் ஒரு கல் பழுதானால் அதே சாயலில் இன்னொன்று வைக்க முடிகிறது. நமக்கு அப்படி ஒரு பொது வடிவம் கிடையாது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு கொத்தரின் கை. போனால் போனதுதான்.

நாம் பயப்பட வேண்டியது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் அல்ல. நோன்புக்கு முன் கோத்தோங் ரோயோங் நடத்தி மையவாடியைத் துப்புரவு செய்கிறோம், நல்ல காரியம். ஆனால் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஆசிட் ஊற்றி, வெள்ளை பெயிண்ட் அடித்து, தமிழ் தெரியாத பிள்ளை கறுப்பு மையால் எழுத்தை மீண்டும் வரைகிறான். 'ன'வுக்கு ஒரு சுழி கூடினால் 'ண'. இரண்டு வருடத்தில் ஊர்ப் பெயரே மாறிவிடும். அந்த ஊர்ப் பெயர்தான் பேரனுக்கு மிஞ்சிய ஒரே முகவரி என்பதை நினையுங்கள்.

ஆகவே சங்கத்துக்கு எங்கள் கோரிக்கை மூன்று. ஒன்று, பெயிண்ட் தொடுவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள். காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில், இல்லையென்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து எழும். சுத்தம் செய்ய நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். இரண்டு, ஒரு பதிவேடு திறவுங்கள். பெயர், தந்தை பெயர், ஊர், தேதி, என்ன எழுத்து, எந்த வரிசை என்று கல்லில் உள்ளபடியே எழுதுங்கள். வாசிக்க முடியாத இடத்தில் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். மூன்று, தமிழும் ஜாவியும் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்களோடு இளைஞர்களை அனுப்புங்கள். படம் எடுக்க இளையவர், வாசிக்க மூத்தவர்.

அளவெடுக்கும் கருவியோடு நாங்கள் கூட வருகிறோம்; இதற்குக் கூலி இல்லை. மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே தொடங்குவோம். நமக்கு முன் சென்றவர்களின் கபுறுகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.