பனி என்னும் சொல்

1999 ஜனவரியில் ரொறன்ரோவில் குவிந்த பனியை அகற்ற இராணுவமே அழைக்கப்பட்டதை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாளில் யங் வீதியில் நடந்தேன். புதுப்பனி ஓசையை உறிஞ்சிக்கொண்டதால் மாநகரம் ஊமையாய்க் கிடந்தது. முன்னே சென்றவர் யாரென அறியேன். அவர் அடிச்சுவடுகளிலேயே என் கால்களையும் பதித்தேன்.

வீடு திரும்பி எழுத அமர்ந்தேன். 'பனி' என்று எழுதியதும் ஊர்ப் புல்நுனித் துளியே கண்முன் வந்தது. தொல்காப்பியம் வகுத்த முன்பனியும் பின்பனியும் வெயில் ஏறினால் மறைபவை. இதுவோ முழங்காலளவு நின்று வழிமறிப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

கவிஞர்களே, நம் கால்கள் அறிந்த இப்பனியை அச்சொல் இன்னும் முழுதாய் அறியவில்லை. அதனை அறியச் செய்வதே பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் அடுத்த பணி. பின்னே வருபவர்க்குச் சுவடு வேண்டுமல்லவா?