வாசற்படியில் காத்திருந்த டைகர்



நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளியில் படிக்கிறோம். அந்த நாய்க்கு நாம் நன்றியுடன் நடந்துகொள்கிறோமா? இன்று அதைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் லயத்து வீட்டில் கோழி, ஆடு, பூனை எல்லாம் இருந்தன. ஆனாலும் நினைவில் முதலில் வருவது டைகர்தான். செவலை நாய். எழுந்து நின்றால் அதன் முன்கால்கள் அப்பாவின் தோளை எட்டும். விடியற்காலையில் பெரட்டு முடிந்து அம்மா வாளியும் கத்தியுமாக நிரைக்குப் புறப்பட்டால், அதுவும் கூடவே போகும். ஒருநாள் இருட்டில் அம்மாவின் கைலியைக் கவ்விப் பின்னால் இழுத்தது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால், மரத்தின் வேரடியில் நாகம்!

பின்னர் தோட்டம் கைமாறியது. நாங்கள் ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். அங்கே நாய் வளர்க்க அனுமதி இல்லை. "பக்கத்து வீட்டில் சோறு போடுவார்கள்" என்றார் அப்பா. லாரி கிளம்பியதும், செம்மண் சாலை முடியும் வரை டைகர் பின்னாலேயே ஓடி வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் போனோம். காலி வீட்டின் படியில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் வாலை ஆட்டியது. அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். புந்தோங்கில் இருந்த மாமா அதை அழைத்துச் சென்று மூன்று ஆண்டுகள் வைத்துக் காப்பாற்றினார். அவரை முன்பே கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு.

நம் முன்னோர் இந்த நன்றியை மறந்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கள்ளரோடு நடந்த பூசலில் இறந்த வீரனின் உருவத்தோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயின் உருவமும் அதில் இருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர் அழியவில்லை.

நேயர்களே, நாய் வளர்ப்பவர்கள் சில கடமைகளை மறக்கக் கூடாது. உங்கள் ஊர் நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் அந்நோய் தலைகாட்டியது. நாய் கடித்தால் மஞ்சளோ சுண்ணாம்போ தடவ வேண்டாம். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது.

வீடு மாறுவதாக இருந்தால், சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே நாய்க்கு ஓர் இடம் தேடுங்கள். நாம் திரும்பி வருவோம் என்று நம்பி அது வாசலில் காத்திருக்கும். அந்த நம்பிக்கையை ஏமாற்றாதீர்கள்.